கட்டத் துணியின் குலமுறை

ஆடையில்லா மனிதன் அரை மனிதன் என்பது நம் நாட்டு முதுமொழி. அரை மனிதனை முழு மனிதனாக்கும் அவ்வாடை, அவன் இன்ன ஊரினன், இன்ன குடியினன் என்பதனையும் உரைக்க வல்லதோ என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சி எழுந்த வரலாறு சிறிது. விடுமுறை நாளொன்றில் அருப்புக்கோட்டையில் நண்பர் ஒருவரது இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நண்பரின் தந்தையார் தறி நெய்பவர். நண்பர் கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. அயர்லாந்து தேசத்துக் குடும்பங்களுக்கென்று தனித்தனியே வகுக்கப்பெற்ற கட்டத் துணிகளின் வண்ணப் படங்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. ஒரு குடிப்பெயருக்குப் பச்சையும் பொன்னிறமும் கலந்த கட்டம். மற்றொன்றுக்குச் சிவப்பும் நீலமும் கலந்த கட்டம். நண்பர் அவற்றை வியந்து நோக்கிவிட்டு, தறிக்குழியில் அமர்ந்திருந்த தந்தையாரை விளித்து, "அப்பா, நம் குடும்பத்துக்கும் இப்படி ஒரு கட்டம் உண்டா?" என்று வினவினார். அம்முதியவர் நாடாவை நிறுத்தாமலே, "கேட்டவர்க்கெல்லாம் கட்டம் நெய்து கொடுத்தோம், தம்பி, நமக்கென்று ஒன்று நெய்துகொள்ள நாள் ஏது?" என்றார். அவ்விடை எம் நெஞ்சில் தைத்தது. கட்டத்தின் குலமுறையை அதன் வேர்வரை சென்று காணவேண்டும் என்னும் அவா அன்றே தோன்றிற்று.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி என்பதை நம் கல்லூரிக்கு அப்பக்கத்திலிருந்து வரும் மாணவர் நன்கு அறிவர். குண்டாற்றில் நீர் ஓடும் நாள் குறைவு; மணல் தோன்றும் நாளே மிகுதி. கண்மாய்கள் ஐப்பசி கார்த்திகை மழையை எதிர்நோக்கி வாய் திறந்து கிடப்பன. ஆயினும் கரிசல் மண் பருத்தியை விளைவிக்கும். மழையை மறுத்த வானமே வெயிலை வாரி வழங்கும். நெசவுக்கு இவ்விரண்டும் வேண்டும். பருத்தியின்றி நூல் இல்லை. பாவுக்குக் கஞ்சியிட்டுத் தெரு நெடுக நீட்டி உலர்த்துதற்கு வெயிலின்றி வழியில்லை. உழவன் வானத்தை நோக்கி வருந்தும் நாளிலே நெசவாளன் அதே வானத்தை நம்பித் தன் பாவை விரிப்பான். சாலியரும் தேவாங்கரும் இவ்வூரில் தறியூன்றி வாழ்ந்து வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றெனல் தகும்.

இனி, கட்டம் என்பது எங்ஙனம் பிறக்கிறது என்று காண்போம். நெடுக்காக ஓடுவது பாவு. குறுக்காக ஓடுவது ஊடை. பாவு ஓடும்போதே இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை கறுப்பு, இத்தனை இழை மஞ்சள் என்று வரிசைப்படுத்தி வைத்தால் துணியில் கோடுகள் விழும். ஊடையிலும் அவ்வாறே நிறத்தை மாற்றி மாற்றி நாடா எறிந்தால் அக்கோடுகளைக் குறுக்குக் கோடுகள் வெட்டிக் கட்டமாகும். சிவப்புப் பாவின்மேல் சிவப்பு ஊடை விழுமிடத்தில் தெளிந்த சிவப்புத் தோன்றும். சிவப்புப் பாவின்மேல் மஞ்சள் ஊடை விழுமிடத்திலோ இரண்டும் கலந்த ஒரு மூன்றாம் நிறம் கண்ணுக்குப் புலப்படும். ஆகவே, இரண்டு நிற நூலைக்கொண்டு மூன்று நிறம் காட்டலாம், மூன்று நிற நூலைக்கொண்டு 6, நான்கைக்கொண்டு 10, ஆறு நிற நூலைக்கொண்டு 21. சாயத் தொட்டிக்குச் செலவு செய்யாமல் நிறத்தைப் பெருக்கும் இக்கணக்கே கட்டத் துணியின் சிறப்புக்கு அடிப்படை. கணிதம் பயிலும் மாணவர் இதனை ஒரு வாய்பாட்டில் அடக்கிவிடுவர்; நெசவாளர் வாய்பாடு எழுதாமலே விரல்நுனியில் வைத்திருக்கின்றனர்.

கட்டம் சதுரமாக அமைவதும் எளிதன்று. ஊடையை அடிக்கும் அடி சற்று வலுத்தால் கட்டம் குறுகும், தளர்ந்தால் நீளும். நிறம் மாறுந்தோறும் ஒரு நாடாவை வைத்துவிட்டு வேறு நாடாவை எடுக்கவேண்டும். காலையில் அடித்த அடிக்கும் மாலையில் களைத்த கை அடிக்கும் அடிக்கும் வேறுபாடு தோன்றாதபடி ஒரு சேலையை நெய்து முடிப்பதே கைத்திறன்.

ஸ்காட்லாந்து தேசத்தார் டார்ட்டன் என்று வழங்கும் துணியும் இம்முறையிற் பிறப்பதே. அது பெரும்பாலும் கம்பளி நூலால் ஆனது. பின்னலில் சாய்வான வரி தோன்றும்படி இரண்டிரண்டு இழையாக ஏறியிறங்கி நெய்யப்படுவது. நம் கட்டத்துணியோ பருத்தி நூலால், ஓரிழை மேலும் ஓரிழை கீழுமாக நெய்யப்படுவது. இவ்வேற்றுமை நீங்கின், கரிசல் நாட்டுத் தறியும் ஸ்காட்லாந்து மலைநாட்டுத் தறியும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன.

அக்கணக்கிற்குக் குடிப்பெயர் வந்து சேர்ந்தது எவ்வாறு? முதலில் அயர்லாந்தை நோக்குவோம். பண்டை ஐரிஷ் மக்கள் முழங்கால் அளவான சட்டையும், அதன்மேல் பெரிய கம்பளிப் போர்வையும் அணிந்தனர். சட்டைக்கு மஞ்சள் சாயம் தோய்ப்பது உயர்ந்தோர் வழக்கு. அரசனுக்கு இத்தனை நிறம், அடிமைக்கு ஒரு நிறம் என்று ஆடையில் நிறத்தின் எண்ணிக்கையால் தகுதி வகுக்கப்பட்டதாக அந்நாட்டுப் பழைய நாளாகமங்கள் கூறும். எண்ணிக்கை தகுதியைக் காட்டியதேயன்றிக் குடும்பத்தைக் காட்டியதாக அவை கூறவில்லை. 1537-இல் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, அயர்லாந்தில் மஞ்சள் தோய்த்த சட்டையையும் ஐரிஷ் முறைப் போர்வையையும் தடைசெய்தது. ஒரு மக்களின் ஆடையைத் தடைசெய்வது அவர்தம் தன்மதிப்பைத் தடைசெய்வதற்கு ஒப்பாகும் என்பதை ஆள்வோர் அன்றே உணர்ந்திருந்தனர் போலும்.

1956-ஆம் ஆண்டில் வட அயர்லாந்திலுள்ள டங்கிவன் என்னும் ஊரின் அருகே, சதுப்பு மண்ணிலிருந்து பழைய ஆடைகள் சில வெளிப்பட்டன. ஒரு போர்வை, ஒரு மேற்சட்டை, கட்டம் போட்ட காற்சட்டை ஒன்று. ஆராய்ந்தோர் அவை ஏறத்தாழ 1600-ஐ ஒட்டிய காலத்தன எனக் கணித்தனர். மண்ணின் நிறம் ஏறிப் பழுப்பாகியிருந்த அக்காற்சட்டையின் கட்டத்தைக்கொண்டு அல்ஸ்டர் டார்ட்டன் என்னும் துணி பின்னர் நெய்யப்பட்டது. பழுப்பாகக் கிடைத்தபடியே ஒன்றும், சிவப்பாக இருந்திருக்கும் என்று கருதி மற்றொன்றுமாக இருவகையில் அது விற்பனைக்கு வந்தது. அயர்லாந்தின் கட்டங்களுள் மிகப் பழமை உடையதாகக் காட்டத்தக்கது இதுவே. இதற்கும் ஒரு மாகாணத்தின் பெயரே இடப்பட்டதன்றி ஒரு குடும்பத்தின் பெயர் இடப்படவில்லை. அதனை அணிந்தவன் யாவன் என்பதைச் சதுப்பு மண் சொல்லவில்லை.

அயர்லாந்தின் 32 மாவட்டங்களுக்கும் ஒவ்வொரு கட்டம் என்று வகுத்து வெளியிட்டது 1996-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த ஒரு நெசவு நிறுவனமேயாம். ஐரிஷ் குடிப்பெயர்களைத் தாங்கிய கட்டங்களுள் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் தோன்றியவை. கடல் கடந்து அமெரிக்கா முதலிய தேசங்களிற் குடியேறியோரின் மக்களும் பேரர்களும் தம் முன்னோரின் அடையாளம் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்பினர். அவ்விருப்பத்திற்கு ஏற்பத் துணி வந்தது. நம் நண்பர் பத்திரிகையில் கண்ட படங்கள் இவையே. அவற்றின் வயது அவர் தந்தையாரின் வயதினும் குறைவு.

அங்ஙனமாயின், ஸ்காட்லாந்தின் குலக் கட்டங்களாவது தொன்மையானவையோ என்று கேட்கலாம். 1703-ஆம் ஆண்டில் மேலைத் தீவுகளைப் பற்றி நூல் வெளியிட்ட மார்ட்டின் மார்ட்டின் என்பார், தீவுக்குத் தீவு கட்டம் வேறுபடும் என்றும், போர்வையைப் பார்த்தே ஒருவன் எவ்விடத்தான் என்று அறியலாம் என்றும் எழுதினார். அவர் இடத்தைச் சொன்னாரேயன்றிக் குலத்தைச் சொன்னாரில்லை. அந்தந்த ஊரில் நெய்பவன் ஒருவனே. அவ்வூரில் கிடைக்கும் சாய வேரும் பாசியும் சிலவே. ஆதலின் ஊருக்கு ஒரு சாயல் அமைந்தது. 1746-இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றனர். அப்போரைக் குறித்து அக்காலத்தவரான மொரியே என்னும் ஓவியர் வரைந்த படத்தில், எட்டு வீரர்களின் உடைகளில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் காணப்படுகின்றன. ஒருவனே இரண்டு மூன்று கட்டங்களை அணிந்து நிற்கின்றான்.

அதே 1746-இல் மலைநாட்டு ஆடையைத் தடைசெய்யும் சட்டம் பிறந்தது. அரசரின் படையிற் சேர்ந்தோர்க்கு மட்டும் விலக்கு. 1782-இல் தடை நீங்கியபோது, ஆடையை மறந்த ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. மறந்ததை நினைவூட்டப் புறப்பட்டவர் வணிகர். பானக்பர்ன் என்னும் ஊரில் வில்ஸன் குடும்பத்தார் நடத்திய நெசவுச் சாலை படைகளுக்கும் பிறர்க்கும் டார்ட்டன் நெய்து விற்றது. அவர்கள் தம் கட்டங்களிற் பலவற்றை முதலில் எண்ணிட்டே வழங்கினர். ஊர்ப்பெயரும் குலப்பெயரும் பின்னர் வந்து ஒட்டின. 1819-இல் அவர்கள் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் 200-க்கு மேற்பட்ட கட்டங்கள் இழைக் கணக்குடன் குறிக்கப்பட்டுள்ளன. 1815-இல் இலண்டன் மலைநாட்டார் சங்கம், குலத் தலைவர்கள் தத்தம் குலக் கட்டத்தை அனுப்புமாறு கேட்டது. தம் குலத்தின் கட்டம் எது என்பது தலைவர் சிலருக்கே தெரியவில்லை. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தார். வரவேற்பை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் ஸர் வால்டர் ஸ்காட். தலைவர்கள் யாவரும் குலக் கட்டம் அணிந்து வரவேண்டும் என்று ஏற்பட்டது. இல்லாதவர் கடைக்கு ஓடினர். 1842-இல் இரு சகோதரர்கள் ஒரு பழைய ஏட்டைக் கண்டெடுத்ததாகக் கூறிக் குலக் கட்டங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். அவ்வேடு பொய் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயின் அதில் கண்ட கட்டங்கள் இன்றளவும் விற்பனையில் உள்ளன.

இவற்றைக் கூறியது அம்மக்களை எள்ளுதற்காக அன்று. ஒரு கட்டம் இருநூறு ஆண்டுகள் ஒரு குடும்பத்தாரின் திருமணத்திலும் சாவிலும் உடனிருந்தால், அது எவ்வாறு வந்தது என்பது ஒருபுறமிருக்க, அவர்க்கு அது உரியதாகிவிடுகின்றது. நாம் கருதவேண்டுவது ஒன்றே. குலம் கட்டத்தைப் பெற்றெடுக்கவில்லை. நெசவாளனும் சாயக்காரனும் வணிகனும் ஈன்ற கட்டத்தைக் குலம் தத்து எடுத்துக்கொண்டது.

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். மதராஸ் கட்டம் என்று உலகெங்கும் பெயர்பெற்ற துணி, ஸ்காட்லாந்துப் படைவீரர் அணிந்த டார்ட்டனைப் பார்த்து நம் நெசவாளர் நெய்யக் கற்றது என்று சொல்வாருளர். காலவரிசை இதற்கு இடந்தராது. மக்லியட் பிரபுவின் மலைநாட்டுப் படை சென்னையில் வந்திறங்கியது 1780-இல். சென்னையில் நெசவாளரைக் குடியேற்றுவதற்கென்றே ஆங்கிலக் கம்பெனியார் சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தியது 1734-இல்; சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்பெயரின் முன்னை வடிவம் என்பர். அதற்கு நூறாண்டு முன்னரே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கோட்டை கட்டியமர்ந்து, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கீழைத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்துவந்தனர். மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைப் பெலிக்காட் என்றே வழங்குகின்றனர். அது பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயரின் திரிபு. தென்பாண்டி நாட்டில் சாரம் என்று நாம் உடுப்பது அங்கே நம் ஊர்ப்பெயரையே தாங்கி நிற்கின்றது. படைவீரர் வந்தபின் சில டார்ட்டன் கட்டங்களையும் நம்மவர் நெய்து கொடுத்திருக்கலாம். ஆயினும் கட்டம் நெய்யும் கலை அதற்கு முன்னரே இம்மண்ணில் வேரூன்றியிருந்தது.

நம் முன்னோர் துணிக்குப் பெயரிட்ட முறையும் நோக்கத்தக்கது. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், 36 வகைத் துணிகளின் பெயர்களைத் தொகுத்துத் தருகின்றார். அரத்தம், பீதகம் என்பன நிறத்தாற் பெற்ற பெயர்கள். தேவகிரி, குச்சரி என்பன இடத்தாற் பெற்ற பெயர்கள். தேவாங்கு என்பதும் அப்பட்டியலில் உளது. நம் பக்கத்துத் தேவாங்கர் அதனைக் கண்டு மகிழ்வர். ஆயின், உடுத்தியவரின் குடிப்பெயரால் வழங்கும் துணி அங்கே காணப்படவில்லை. காரைக்குடிக் கண்டாங்கியும் அத்தகையதே. அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகப் பெருங்கட்டம் போட்ட அச்சேலை செட்டிநாட்டு ஆச்சிமாரின் உடையாகப் புகழ்பெற்றது; எனினும் 2019-இல் அதற்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயராலேயே வழங்கப்பட்டது. மேனாட்டில் அணிந்தவன் தன் பெயரைத் துணிக்குக் கொடுத்தான். நம் நாட்டில் பிறந்த ஊரே துணிக்குப் பெயரிட்டது.

விந்தை என்னவெனில், நம் கட்டம் கடல் கடந்தபின் குடும்பத்திற்கு உரியதாயிற்று. ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றின் முகத்துவாரத்தில் கலபாரி என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களிடம் மதராஸ் கட்டத் துணிக்கு அளவிறந்த மதிப்பு. இன்ஜிரி என்பது அவர் அதற்கிட்ட பெயர். அத்துணியிற் சில இழைகளை மட்டும் கூரிய கத்தியால் அறுத்து உருவி எடுத்து, எஞ்சிய இழைகளால் புதிய கோலம் தோன்றச் செய்வது அப்பெண்டிரின் அரிய கைவேலை. கட்டத்தின் கோடுகளே கத்திக்கு வழிகாட்டி. முதியோர் ஒருவர் இறப்பின், குடும்பப் பேழையில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த துணிகளை எடுத்து, சடலம் கிடத்தும் கட்டிலை அலங்கரிப்பர். யாருடைய பேழையில் எத்தகைய துணி உள்ளது என்பதால் அக்குடும்பத்தின் பெருமை ஊருக்கு விளங்கும். மேற்கிந்தியத் தீவுகளில் மார்த்தினீக்கு, குவாடலூப்பு, செயின்ட் லூஷியா முதலிய இடங்களிலும் பெண்டிர் விழா நாட்களில் மதராஸ் கட்டத்தைத் தலையில் கட்டிக்கொள்வர். அதுவே அவர்தம் நாட்டுடை. அமெரிக்காவிலோ, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், துவைக்குந்தோறும் சாயம் கசிந்து நிறம் மாறிய மதராஸ் துணியை, அக்குற்றத்தையே குணமாகக் கொண்டாடி வாங்கினர். இத்துணிகளை நெய்த கைகளின் பெயரை அந்நாட்டார் எவரும் கேட்டிலர். நாமும் எழுதி வைத்தோமில்லை. "நமக்கென்று ஒன்று நெய்துகொள்ள நாள் ஏது?" என்ற முதியவரின் சொல்லுக்குப் பொருள் இப்பொழுது விளங்கும்.

அஃதேல், நம் கரிசற் சீமையில் ஒரு துணி இன்ன வீட்டினது என்று காட்டும் குறி யாதொன்றும் இருந்ததில்லையா? இருந்தது. அதனை அன்று மாலையே கண்டோம். நண்பரின் அன்னையார் தம் மாமியார் உடுத்த பழைய சேலை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். கட்டத்தின் அழகைக் கண்டு மடிப்பை விரித்துச் செல்கையில், முந்தானையின் ஓர் ஓரத்தில் மூன்று கரும்புள்ளியும் ஒரு சிறு கோடும் தென்பட்டன. ஊர் வண்ணார் இட்ட குறி அது. சேங்கொட்டையின் சாற்றைத் துணியில் இட்டுச் சுண்ணாம்பு தடவினால் கறுத்துப் பதியும். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. ஊரிலுள்ள வீடுகளின் துணிகள் அனைத்தும் ஒரே துறையில் வெளுக்கப்படும்போது ஒன்றோடொன்று மாறாதிருக்க, வீட்டுக்கு ஒரு குறி வேண்டும். ஏடும் எழுத்தாணியும் இன்றி, நூற்றுக்கணக்கான வீடுகளின் குறிகளை அவர் நினைவிலே வைத்திருந்தார். அயர்லாந்தின் குடும்பக் கட்டத்திற்கு நேரான தமிழ்நாட்டுக் குடும்ப அடையாளம் இதுவே என்று துணிந்து கூறலாம். வீட்டார் தம் பெருமைக்காகக் கேட்டுப் பெற்றதன்று அது. தம் துணி தமக்கே வந்து சேரும்பொருட்டுப் பிறர் உழைப்பிற் பிறந்த குறி அது. சலவை இயந்திரங்கள் வீடுதோறும் வந்தபின் அக்குறிகளும் அவற்றை அறிந்த நினைவும் அருகிவருகின்றன.

இவ்விடத்தில் சாயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு காலத்தில் சிவப்புக்குச் சாயவேரும், நீலத்துக்கு அவுரியும் இப்பக்கத்துத் தொட்டிகளில் ஊறின. இம்பூறல் என்னும் செடியின் வேரே சாயவேர். மணற்பாங்கான கடற்கரை நிலத்தில் அது நன்கு வளரும். 1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்பார் செயற்கைச் சாயம் கண்டார். 1868-இல் ஜெர்மானியர் சிவப்புச் சாயத்தின் சாரத்தை ஆய்வுச்சாலையிற் செய்துகாட்டினர். 1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அதன்பின் வேர் தோண்டுவோரும் அவுரி ஊறவைப்போரும் தொழில் இழந்தனர். ஊரின் நீரும் வேரும் தந்த சாயல் போயிற்று. எவ்வூரிலும் எந்நிறமும் கிடைக்கலாயிற்று. ஸ்காட்லாந்தின் தீவுகளில் போர்வையைப் பார்த்து ஊரை அறிந்த காலமும் இவ்வாறே மறைந்தது. சாயம் பொதுவானபின், கட்டத்தை வேறுபடுத்துவது இழைக் கணக்கு ஒன்றே.

அவ்விழைக் கணக்கை ஸ்காட்லாந்தார் இன்று அரசாங்கப் பதிவேட்டில் எழுதி வைக்கின்றனர். 2008-இல் சட்டம் இயற்றி, 2009-இல் அப்பதிவேட்டைத் திறந்தனர். எவர் ஒரு புதிய கட்டம் வகுத்தாலும், நிறத்தையும் இழை எண்ணிக்கையையும் வகுத்தவர் பெயரையும் நாளையும் அதில் குறிக்கலாம். பொய்யேட்டை நம்பி ஏமாந்த தேசம் அதனால் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. கதையைவிடக் கணக்கு நிலையானது என்பதே அப்பாடம். நம் அருப்புக்கோட்டையிலோ கைத்தறியின் ஓசையை விசைத்தறியின் ஓசை விழுங்கிக்கொண்டு வருகின்றது. எத்தனையோ கட்டங்களின் கணக்கு நெய்பவர் நினைவிலும், பெட்டியடியிற் கிடக்கும் பழஞ்சேலைகளிலுமே தங்கியுள்ளது. நினைவு ஒரு தலைமுறையோடு முடியும். பழஞ்சேலை தொட்டிலாகிப் பின்பு கரித்துணியாகும்.

நம் நண்பர் செய்ததைக் கூறி இக்கட்டுரையை முடிப்போம். அவர் அச்சேலையைத் திண்ணை வெளிச்சத்தில் விரித்து, ஒரு குண்டூசியின் முனையால் இழைகளை எண்ணத் தொடங்கினார். சிவப்பு இத்தனை, கறுப்பு இத்தனை, மஞ்சள் இத்தனை என்று யாம் குறிப்பேட்டில் எழுதினோம். இரண்டிடத்தில் எண் முன்பின் ஒவ்வாமற் போகவே, தந்தையார் தறியை விட்டு எழுந்து வந்து, சேலையைக் கையிலெடுத்து நோக்கி, பாவோடும்போது இழை அறுந்த இடம் இது என்று விரல் வைத்துக் காட்டினார். பின்னர் அச்சேலையை நெய்த தறி எத்தெருவில் இருந்தது, நெய்தவர் யார், எவ்வாண்டில் என்பதனை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவையும் எழுதப்பட்டன. முந்தானைக் குறியும் உள்ளபடியே வரையப்பட்டது.

அக்குறிப்பேட்டில் இப்பொழுது ஒரு பக்கமே நிறைந்துள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பழஞ்சேலையை எடுத்து, இழையை எண்ணி, நெய்த ஊரையும் நெய்தவர் பெயரையும் கேட்டு எழுதிவருவாராயின், சில ஆண்டுகளில் நம் கல்லூரி நூல்நிலையத்தில் இத்தென்னாட்டுக் கட்டங்களின் பதிவேடு ஒன்று அமைந்துவிடும். பழைய மாணவர்களும் தாம் வாழும் ஊர்களிலிருந்து எழுதியனுப்பலாம். அப்பதிவேட்டில் உடுத்தியவர் பெயரினும் முன்னதாக நெய்தவர் பெயர் நிற்கட்டும். நமக்கென்று ஒரு கட்டம் உண்டா என்று கேட்ட பிள்ளைக்கு, நம் கை நெய்த கட்டங்கள் இவை என்று காட்டுதற்கு அதுவே போதும்.